பதினோராம் மாடியின் பத்தியம்

பல்லி என்று பேர் வைத்தபோது அவருடைய எடை ஐம்பத்தெட்டு கிலோ. உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிற வேலை. சுவரோடு சுவராக நகர்வார், பேரும் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷத்தில் பேர் அப்படியே இருக்க, ஆள்தான் வளர்ந்துவிட்டார். கூட வேலை பார்ப்பவர்கள் இப்போதெல்லாம் "உடும்பண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

கயிற்றில் தொங்க ஆளுக்கு நூறு கிலோதான் கணக்கு. மாதம் ஒருமுறை சாமான் அறையில் எடை மெஷின்மேல் ஏறி நிற்க வேண்டும். அன்றைக்கு முள் தொண்ணூற்றேழரையைத் தாண்டி நின்றது.

"யோவ், நீ கயித்துல தொங்குறியா, கயிறு உங்கிட்ட மாட்டிக்கிட்டுத் தொங்குதா?" என்றார் சூப்பர்வைசர். "நூறைத் தொட்ட அன்னிக்கு லாபிக் கண்ணாடிதான். இப்பவே சொல்லிட்டேன்."

லாபிக் கண்ணாடி என்றாலே பல்லிக்கு ஆகாது. தரைத்தளத்துக் கதவைத் துடைத்து முடிப்பதற்குள் யாராவது ஐந்து விரலையும் பதித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். மறுபடி துடைக்க வேண்டும். சாயந்திரம்வரை அதே கதவு, அதே விரல். மேலே அப்படியில்லை. துடைத்தால் துடைத்ததுதான். மழையைத் தவிர ஒருத்தரும் கைவைக்க மாட்டார்கள்.

அதனால் பத்தியம் இருப்பதென்று முடிவு செய்தார். டாக்டரைத் தேடிப் போகவில்லை. பதினோராம் மாடி ஆபீசில் மேடம் ஒருத்தர் இருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நாலு வருஷமாக மதிய நேரத்தில் அவரைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை. மேஜைமேல் எப்போதும் மூன்றே சாமான். கிண்ணம் நிறைய இலைதழை, பக்கத்தில் வெள்ளை சாஸ். ஒரு பாட்டில் பழச்சாறு. அணில் படம் போட்ட பொட்டலத்தில் பாதாம், முந்திரி, உலர்ந்த திராட்சை. பார்த்தாலே ஆரோக்கியம். பல்லி அத்தனையும் வாங்கிவிட்டார்.

ஒரு கண்ணாடிக்கு இரண்டு நிமிஷம். மேல்பாதியைத் துடைக்கும்போது மேஜை தெரியும். மேடம் முள்கரண்டி நுனியால் சாஸைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டபோதும், ஒரு பிடியோடு நிறுத்திப் பொட்டலத்தை மடித்து இழுப்பறையில் வைத்தபோதும் பல்லி குனிந்து கீழ்ப்பாதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆக, பத்தியத்தில் பாதிதான் அவருக்குத் தெரியும்.

வீட்டில் இலைமேல் சாஸ் மழையாகப் பெய்தது. பழச்சாறு தண்ணீருக்குப் பதிலாக. பொட்டலம் ஒரே மதியத்தில் காலி.

மனைவி துணி ஆல்ட்டர் செய்கிறவள். டேப்பைப் போட்டாலே உண்மை வந்துவிடும்.

"என்னங்க, இடுப்பு ஒண்ணரை இஞ்ச் கூடியிருக்கு."

"டேப்பு சுருங்கியிருக்கும்டி. நான் இலைதான் திங்கிறேன்."

"யானையும் இலைதான் திங்குது. இதுக்கு மேல பிரிச்சுவிட பேண்ட்ல துணி இல்ல, சொல்லிட்டேன். அடுத்து தெரு முனை டென்ட்டுக்கடைதான்."

அடுத்த மாத எடை தொண்ணூற்றொன்பதரை. சூப்பர்வைசர் திட்டவில்லை. லாபிக்கான சின்ன வாளியை எடுத்துக் கதவோரம் வைத்தார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

நாலு நாள் கழித்துப் பதினோராம் மாடி வந்தது. மேடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல்லி தன் சட்டைப்பையிலிருந்து அதே அணில் பொட்டலத்தை உருவி, "பாருங்க, நானும் உங்க கட்சிதான்" என்கிற மாதிரி ஆட்டிக் காட்டினார். பிறகு தலையை அண்ணாந்து முழுசையும் வாயில் கவிழ்த்தார்.

மேடம் எழுந்தேவிட்டார். தன் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்தைக் கண்ணாடியில் அழுத்தினார். நகம் ஒரு பொடி எழுத்து வரியில் நின்றது. 'ஒரு வேளை அளவில் 160 கலோரி. பொட்டலத்தில் 8 வேளை அளவு.' அப்புறம் எட்டு விரலைக் காட்டி, கன்னத்தில் கைவைத்துத் தூங்குகிற மாதிரி செய்தார்.

'தின்னுட்டுத் தூங்கணுமாக்கும்' என்று பல்லி தலையாட்டினார்.

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். உள்ளங்கையில் ஒரு பிடி வைத்தார், தூங்கினார். இன்னும் ஒரு பிடி வைத்தார், தூங்கினார். மூன்றாவது தூக்கத்தில்தான் பல்லிக்கு விடிந்தது. அது ஒரு வாரத்துக்கும் மேலே வரவேண்டிய பொட்டலம்! சோப்பு நுரையில் விரலால் பெருக்கிப் பார்த்தார். ஆயிரத்து இருநூற்று எண்பது. மதியத்துக்கு மட்டும். வைப்பரை எடுத்து அந்தக் கணக்கை முதலில் அழித்தார், சூப்பர்வைசர் கீழேயிருந்து பார்த்துவிடுவார் என்கிற மாதிரி.

அன்று சாயந்திரம் வீட்டிலிருந்த பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் தையல் மெஷின்மேல் முதுகைக் காட்டி நிறுத்தினார். பழச்சாற்றில் ஏழெட்டுப் பழத்தின் சர்க்கரை. சாஸ் இரண்டு கரண்டிக்கே ஒரு வேளை சாப்பாட்டில் பாதி. மனைவி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"முன்பக்கம் 'இயற்கை'ன்னு சிரிக்குது. உண்மையப் பேசுற வாய் முதுகுலதான் இருக்கு" என்றாள். "ஏங்க, நாலு வருஷமா அந்தம்மாவ எட்டிப் பார்த்தீங்களே, முழுசாப் பார்த்திருக்கக் கூடாதா?"

"முழுசாப் பார்த்திருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?"

அதற்கு அவள் டேப்பால் ஒரு அடி வைத்தாள்.

அந்த மாதம் தண்ணீருக்குத் தண்ணீர்தான். இலை இருந்தது, சாஸ் கரண்டி நுனியில் மட்டும். பாதாமை மனைவி பித்தான் டப்பாவில் போட்டு, தினம் காலையில் எண்ணிக் கொடுத்தாள்.

எடை நாளன்று பல்லி ஷூ, பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றினார். பனியனிலும் கைவைத்தபோது சூப்பர்வைசர் கத்தினார்: "போதும்யா, கண்ணு கூசுது. ஏறு!"

முள் ஆடி அடங்கியது. தொண்ணூற்றேழு.

"சரி, மேல போ. இன்னும் உடும்புதான், மறந்துடாத" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் சின்ன வாளியைக் காலால் தள்ளி மூலைக்கு அனுப்பினார்.

பதினோராம் மாடியில் கயிறு நின்றது. தொண்ணூற்றேழு என்று நுரையில் எழுதிக் காட்டலாமென்று பல்லி விரலை நீட்டினார். உள்ளே மேடம் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையகலக் கிரீம் கேக்கை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கிரீம். நிமிர்ந்தார். இருவர் கண்ணும் சந்தித்தன.

பல்லி மரியாதை தெரிந்தவர். உடனே குனிந்து கீழ்ப்பாதியைத் துடைக்க ஆரம்பித்தார்.