காதுகுத்தும் இரண்டாவது பாதையும்

எனக்குக் கோபம் வந்தால் கை தானாகச் சாலிடரிங் கருவியைத் தேடும். மற்றவர்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள், நான் எதையாவது பற்றவைப்பேன். எங்கள் வீட்டு மாடியில் அந்தச் சின்னப் பெட்டி உருவானதும் அப்படித்தான். கோபம் என் அண்ணன் மேல்.

அண்ணன் கம்பம் பக்கத்தில் கேபிள் டிவி நடத்திப் பிறகு இன்டர்நெட்டுக்கு மாறியவர். சின்னமனூரில் இருந்து ஒரே ஒரு ஃபைபர் கேபிள் தோட்டங்கள் வழியாக எங்கள் ஊருக்கு வரும். அங்கிருந்து சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களுக்குப் பிரியும். அந்தத் தாய்க் கேபிள் எங்கே அறுந்தாலும் எல்லா ஊரும் மொத்தமாகப் படுத்துவிடும். அடுத்த நிமிடம் அண்ணன் போன் அலற ஆரம்பிக்கும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்விடுவார். லைன்மேன் இருக்கிறாரே என்று சொன்னால் கேட்க மாட்டார். தன் கையால் ஒட்டினால்தான் அவருக்கு ஒட்டியது மாதிரி.

என் மூத்த மகளுக்குக் காது குத்தியபோதும் அப்படித்தான் எழுந்து போனார். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். தாய்மாமன் இல்லாத காதுகுத்து, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி. மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய பிள்ளையை மடியில் வைத்திருந்தவர், போன் அடித்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, “இந்தா வந்துட்டேன்” என்று பைக்கை எடுத்தார். திரும்பி வந்தபோது பந்திகூட முடிந்திருந்தது. ஆல்பத்தில் என் மகளைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன். நான்கு மாதம் அண்ணனோடு நான் பேசவில்லை. கட்டுப்பாட்டு அறையில் அவருடைய கருவிகளைக் கவனிப்பதே நான்தான் என்பதால், வேலை விஷயத்தை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினேன்.

இரண்டாவதாக மகன் பிறந்து, அவனுக்குக் காது குத்த நாள் பார்க்கத் தொடங்கியதும் பழைய கோபம் அப்படியே பொங்கிவிட்டது. இந்த ஆளைத் திருத்த முடியாது, லைனைத் திருத்திவிடலாம் என்று முடிவு செய்தேன்.

யோசனை ரொம்பச் சாதாரணமானது. சின்னமனூரில் இருந்து வேறு வழியாக இன்னொரு கேபிள் வர வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றதற்கு மாற வேண்டும். ஆனால் மனிதர் போய் மாற்றுவதாக இருந்தால் அண்ணன்தான் ஓடுவார். அதனால் தானாக மாற வேண்டும். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே கருவி வைத்திருக்கின்றன. நான் உதிரி பாகங்களை வரவழைத்து நானே செய்ய உட்கார்ந்தேன். கேபிளுக்குள் ஓடும் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கண், விரல் நுனி அளவில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ஒரு ஸ்விட்ச், இரண்டுக்கும் நடுவில் யோசிக்க ஒரு சிப். முதல் பாதையில் வெளிச்சம் நின்றால் இரண்டாவதற்குத் திருப்பு. இந்த முனையில் ஒரு பெட்டி, சின்னமனூர் முனையில் ஒரு பெட்டி. கேபிள் அறுந்தால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் இருட்டாகும், இரண்டும் ஒன்றாக மாறிக்கொள்ளும்.

மாடியில் முதல் தடவை அது வேலை செய்த அன்று நான் போட்ட கூச்சலில் என் கணவர் குளியலறையில் இருந்து நுரையோடு ஓடி வந்தார். ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்தாராம். “மாறிருச்சு, மாறிருச்சு” என்று குதித்தேன். எது மாறியது என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் சரியாகத் தெரியாது.

அதற்குள் அண்ணனும் நான் கேட்ட இரண்டாவது கேபிளை இழுத்து முடித்திருந்தார். ஆனால் பெட்டியைக் கட்டுப்பாட்டு அறையில் கொண்டுபோய் வைத்ததும் காற்று என் மானத்தை வாங்கியது. ஆனி, ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று ஆளையே தள்ளும். எங்கோ ஒரு இணைப்பு ஆட, வெளிச்சம் மினுக்க, என் பெட்டி டக் டக் டக்கென்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவிக்கொண்டே இருந்தது. ஒரு முடிவில் நிற்கத் தெரியவில்லை. ஒரு தடவை மாறினால் மாறினதுதான், நான் சொல்லாமல் பழைய பாதைக்குத் திரும்பக் கூடாது என்று சிப்புக்கு எழுதி வைத்தேன். அதன் பிறகு அடங்கியது.

அண்ணனைக் கூப்பிட்டு அறையில் இருந்த டிவி முன்னால் உட்காரவைத்தேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாதையின் வயரை என் கையாலேயே பிடுங்கினேன். திரையில் அழுதுகொண்டிருந்த மாமியார் விடாமல் அழுதார்.

“எப்பத்தா மாத்தப்போற?” என்றார் அண்ணன்.

“மாத்தியாச்சுண்ணே.”

அவர் எழுந்து வந்து பிடுங்கிய வயரைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி சொருகி, பெட்டியைப் பழைய பாதைக்குத் திருப்பச் சொன்னார், மறுபடி பிடுங்கச் சொன்னார். ஆறு தடவை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். “அப்ப மருமகன் காதுகுத்துக்கு நான் அங்கன இங்கன அசையமாட்டேன், போதுமா?” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றே வாரம். ஒரு முற்பகலில் ஏழெட்டு ஊரும் ஒன்றாகப் படுத்தன. ஓடிப் போய்ப் பார்த்தால் என் பெட்டியில் இரண்டு விளக்கும் சிவப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூடியைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. கண் சரியாகத்தான் பார்க்கிறது. இரண்டு பாதையிலும் உண்மையிலேயே வெளிச்சம் இல்லை. அது எப்படி முடியும்? முதல் கேபிள் திராட்சைத் தோட்டங்கள் வழியாக வருகிறது, இரண்டாவது வாய்க்கால் கரைத் தென்னந்தோப்புகள் வழியாக. ஒரே நேரத்தில் இரண்டும் எப்படி அறும்?

அண்ணன் பைக்கில் நானும் ஏறிக்கொண்டேன். எங்கே அறுந்தது என்று தேடாமல், அவர் நேராக ஒரே இடத்துக்கு வண்டியை விட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. பழைய கொடிகளை வெட்டிவிட்டுப் பந்தலை மொட்டையாக்குகிற வேலை. எங்கள் ஊரில் தனியாகப் போஸ்ட் நட யாரும் மெனக்கெடுவதில்லை, பந்தலைத் தாங்கும் கல்தூண்கள் மேலேயே கேபிளை இழுத்துவிடுவோம். அங்கே போய் அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில், ஒரே கம்பியால் கட்டப்பட்டு, இரண்டு கறுப்புக் கேபிள்கள். இரண்டும் ஒரே இடத்தில் கத்தரிக்கப்பட்டுத் தொங்கின.

“காஞ்ச கொடின்னு நெனச்சு வெட்டிப்புட்டோம் ஆத்தா” என்றார் கவாத்து வெட்டிய அக்கா, கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனைத்தான் பார்த்தேன். “ரெண்டாவது கேபிளு தோப்பு வழியாத்தான போகணும்? இங்கன எதுக்கு வந்துச்சு?”

“ரெண்டு கேபிள் இழுக்கச் சொன்ன. ரெண்டு இழுத்துருக்கேன்ல?”

விஷயம் இதுதான். வாய்க்கால் கரையில் நடுவில் இருக்கும் தோப்பு, முறைக்கு எங்களுக்குப் பெரியப்பா ஆகிற ஒருவருடையது. வரப்புத் தகராறில் அவருக்கும் அண்ணனுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவரிடம் போய் அனுமதி கேட்பதற்குப் பதிலாக, அண்ணன் அந்த ஒரு தோப்பை மட்டும் சுற்றிக்கொண்டு, கேபிளைப் பழைய பந்தலுக்கே கொண்டுவந்து, அரைக் கிலோமீட்டர் தள்ளி மறுபடி வாய்க்காலுக்கு இறக்கியிருக்கிறார். இரண்டு பாதையும் அந்த அரைக் கிலோமீட்டர் கைகோத்துக்கொண்டு போயிருக்கின்றன. நான் மாடியில் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதை ஒரு கவாத்துக் கத்தரி ஒரே நறுக்கில் முடித்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் நின்று நான் கத்தியது வாய்க்கால் தாண்டிக் கேட்டிருக்கும்.

கேட்டேவிட்டது போல. மறுநாள் நான் தனியாகப் போய்ப் பெரியப்பா முன்னால் நின்றபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“ஒங்க அண்ணன் வந்து கேட்டா வாயில உள்ள முத்து உதுந்துருமாக்கும்?” என்றார்.

“பெரியப்பா, அவர விடுங்க. நான் கேக்குறேன்ல. ஒங்க வீட்டு லைனும் இதுலதான் வருது.”

“லைனு கெடக்கட்டும். காதுகுத்து வச்சிருக்கீகளாமே. ஊருக்கெல்லாம் பத்திரிகை போயிருச்சு. எனக்கு வந்துச்சா?”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் தென்னை மட்டையை ஒதுக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: “தாய்மாமன் வந்து தட்டுல வச்சுக் கூப்பிடணும். அதுக்குப் பெறகு கேபிளு போகட்டும்.”

அண்ணன் முதலில் முடியவே முடியாது என்றார். “அந்த ஆளு வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லிருக்கேன்த்தா.” எனக்கு வந்ததே கோபம். “அப்ப இந்தத் தடவையும் ஒங்க மருமகன வேற ஆளு மடியில வச்சுக் குத்திக்கிறேன். நீங்க கேபிளக் கட்டிக்கிட்டு அழுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போய், “பெரியப்பா, குடும்பத்தோட வரணும்” என்றார். பெரியப்பா தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். வரப்பைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி குடித்தோம். கிளம்பும்போது மட்டும், “மரத்துல ஆணி அடிச்சிறாத. கயிறு போட்டுக் கட்டு” என்றார் பெரியப்பா. அடுத்த வாரம் கேபிள் அவர் தோப்பு வழியாகப் போனது. இந்தத் தடவை நானே சின்னமனூர் வரைக்கும் நடந்து பார்த்தேன், இரண்டு பாதையும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை.

காதுகுத்து, தேவதானப்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். ஊரில் இருந்து வேனில் ரொம்ப தூரம். பெரியப்பா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். மொட்டை போட்டு முடித்து, மகனை அண்ணன் மடியில் வைத்தோம். ஆசாரி இடது காதைத் தடவிக்கொடுத்து, பேசிக்கொண்டே குத்திவிட்டார். பிள்ளை வீறிட்டான். அண்ணன் அவன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அப்போது என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. என் பெட்டி அனுப்பிய செய்தி. இரண்டாவது பாதைக்கு மாறியிருக்கிறது. கூடவே லைன்மேன் கூப்பிட்டார். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி கையைத் தூக்கியதில் மேலே போன முதல் கேபிளை இழுத்து அறுத்துவிட்டதாம்.

போனில் இருந்து தலையைத் தூக்கினேன். என் முகத்தைப் பார்த்தே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையை வைத்துக்கொண்டே பாதி எழுந்துவிட்டார்.

“அந்துருச்சா?”

“அந்துருச்சுண்ணே. ஆனா யாருக்கும் தெரியாது. ஒக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. எழுந்தும் எழாமலும் அப்படியே நின்றார். ஒரு கையால் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துப் பார்த்தார். கேபிள் அறுந்தால் அந்த நேரம் ஐம்பது பேராவது கூப்பிட்டிருப்பார்கள். போன் சும்மா இருந்தது. சார்ஜ் இருக்கிறதா, டவர் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். எல்லாம் இருந்தது.

“தாய்மாமா, ஒக்காருங்கய்யா. இன்னொரு காது இருக்கு” என்றார் ஆசாரி.

அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். வலது காதும் குத்தியாயிற்று. பிள்ளை அழுது ஓய்ந்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விசும்பினான். நான் எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமே இல்லாமல். ஆசாரி கருவிகளைத் துடைத்து மடித்து வைத்தார். பந்திக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள்.

“முடிஞ்சுதுய்யா, எந்திரிங்க” என்றார் ஆசாரி.

“செத்த இருக்கேன்” என்றார் அண்ணன். பிள்ளை தூங்குகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவே இல்லை.