மேடையில் மட்டும் கத்திய பெட்டி

என் கணவர் மைக்கில் சொன்னதை நான் நேரில் கேட்கவில்லை. கலியாண வீட்டுக்குப் போய்வந்த அவருடைய தங்கைதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"கிற்றார் பெட்டி கீச்செண்டு கத்தினது மச்சாள். சனமெல்லாம் காதைப் பொத்தினது. அண்ணை மைக்கைப் பிடிச்சு, 'குறை நினையாதேங்கோ, இது என்ரை மனிசி செய்த பெட்டி, அவவைப் போலத்தான் கத்தும்' எண்டவர். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது."

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவிய அவ்வளவையும் முற்றத்து மண்ணில் கொட்டினேன்.

கிற்றாரின் ஒலியை மாற்றும் அந்தப் பெட்டியைத் தானே செய்ததாகத்தான் அவர் அதுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்கு வந்த பெடியன்களிடம் அதைத் தூக்கிக் காட்டி விளக்கம் வேறு சொன்னார். நான் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போவேன். இனிமையாக ஒலித்தவரை அது அவருடைய பெட்டி. கத்தியதும் என்னுடையதாகிவிட்டது.

என் அப்பா தெல்லிப்பழையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். நான் அந்தக் கடைக்குள் வளர்ந்தவள். சண்டையில் இடம்பெயர்ந்தபோது கடை போய்விட்டது; ஒரு சாக்கு நிறைய உதிரிப்பாகங்கள்தான் மிஞ்சின. என் கணவர் வெங்காயம் நடுவார், ஒரு இசைக்குழுவில் கிற்றார் வாசிப்பார். கிற்றாரின் ஒலியைக் கரகரப்பாக்கவும், நடுங்கவைக்கவும், வாய் திறந்து மூடுவதுபோல மாற்றவும் ஒரு பெட்டி வேண்டுமென்று ஆசைப்பட்டார். கடையில் வாங்க ஒன்றுமில்லாத காலம். கரண்டும் இல்லை. ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயனின் செம்பு முனையைச் சிரட்டைக் கரியில் சூடாக்கி, செத்த ரேடியோக்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மூன்று வேலையையும் செய்யும் ஒரு பெட்டியை ஒரு பிஸ்கற் தகர ரின்னுக்குள் கட்டினேன். மோட்டார் சைக்கிள் பற்றறியில் அது ஓடியது; காலால் மிதித்து ஒலியை மாற்ற மேலே ஒரு பலகை இருந்தது. கிற்றாரிலிருந்து பெட்டிக்குப் போகும் வயர்தான் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து இரைச்சல் புகாதபடி மேலே கம்பிவலை சுற்றிய வயர் வேண்டும். பாழாய்க் கிடந்த ரீவியின் அன்ரனா வயரை வெட்டி அதற்கு வைத்தேன்.

அவர் வந்ததும் கேட்டேன். "என்னைப் போல கத்துமெண்டு சொன்னீங்களாம்."

"பகிடிக்குச் சொன்னது. அதுக்கேன் இப்ப முகத்தைத் தூக்குறீர்?"

"செய்தது நானெண்டு இதுக்கு முதல் ஒருக்காலும் பகிடிக்குக்கூடச் சொல்லேல்லையே."

அவர் கை கழுவப் போனார்.

பிழை என் வேலையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் நான் படுக்கப்போவதில்லை என்று மூடியைத் திறந்தேன். கரகரப்பாக்கும் பகுதி சின்னச் சத்தத்தைப் பல மடங்கு பெருக்குவது. வெளியே போகும் சத்தம் ஒரு துளி திரும்பி உள்ளே கசிந்தால் போதும், அதையே மறுபடி மறுபடி பெருக்கிக் கீச்சிடத் தொடங்கிவிடும். ஆகவே கசியக்கூடிய இடமெல்லாம் தேடினேன். உள்ளே வரும் கம்பியையும் வெளியே போகும் கம்பியையும் ரின்னின் இரண்டு மூலைக்கு ஒதுக்கினேன். பற்றறிக் கம்பி வழியாக ஒரு பகுதியின் சத்தம் இன்னொன்றுக்குள் போகாதபடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கப்பாசிற்றர் வைத்தேன். தகரத்தோடு சேரும் எர்த் என்னும் நிலக்கம்பிகளை ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். பிறகு பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கொடுத்து, எல்லாத் திருகிகளையும் முழுக்கத் திருப்பினேன். ஒரு கீச்சும் இல்லை. உண்மையைச் சொன்னால் இதையெல்லாம் செய்யமுன்னமே வீட்டில் அது கத்தவில்லை. அதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது.

அடுத்த நிகழ்ச்சி முடிந்து வந்தவர் ரின்னைத் தொம்மென்று மேசையில் வைத்தார்.

"பேந்தும் கத்தினது. உமக்கு ஏலாட்டிச் சொல்லும். ஆரும் விசயம் தெரிஞ்ச ஆம்பிளையிட்டைக் குடுப்பம்."

கையிலிருந்த கம்பி வெட்டும் குறட்டை நான் எறியவில்லை. எறிந்திருக்கலாம்.

"அடுத்தமுறை நானும் வாறன்."

"அங்கை பொம்பிளையள் ஒருத்தரும் வாறேல்லை."

"அப்ப பெட்டியும் வராது."

அடுத்தது குருநகரில், ஒரு தேவாலயப் பெருநாள். வெளிச்சமில்லாத காலமென்பதால் விழாக்களெல்லாம் பகலில்தான். சைக்கிள் கரியரில் மடியில் ரின்னோடு போனேன். குழுவை நடத்துபவர் ஓகன் வாசிக்கும் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். என்னைக் கண்டதும், "பிள்ளை, அங்காலை நிழலிலை ஒரு கதிரை கிடக்கு, இருங்கோ" என்றார். நான் இருக்கவில்லை.

ஜெனரேற்றரைப் போட்டார்கள். என் கணவர் கரகரப்பைத் திறந்தார். கீச்! பனையிலிருந்த காகங்கள் எழும்பின.

"கிற்றாரின்ரை சத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாங்கோ" என்றேன். கொண்டுவந்தார். கத்தல் நிற்கவில்லை. ஆகவே ஸ்பீக்கரின் சத்தம் கிற்றார் கம்பிக்குள் புகுந்து வரும் கத்தல் அல்ல. மேடையில் ஏறி ரின்னிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது என் அன்ரனா வயரே அல்ல. லைற்றுக்குப் பாவிக்கும் முறுக்கு வயர், கம்பிவலை எதுவும் இல்லாதது. அது மட்டுமல்ல, கிற்றாரிலிருந்து வரும் வயரையும் அம்பிளிபயருக்குப் போகும் வயரையும் ஒன்றாகச் சேர்த்து நீளத்துக்கு ஒட்டும் ரேப் சுற்றியிருந்தார்கள். அந்தக் கட்டைக் கையால் பிடித்தேன். கீச்சின் குரல் மாறியது. விட்டேன், பழைய குரலுக்குப் போனது. கசிவு அந்தக் கட்டுக்குள்தான்.

"என்ரை வயர் எங்கை?"

என் கணவர் நிலத்தைப் பார்த்தார். "அது மாடு கட்டுற கயிறு மாதிரி. மேடையிலை வடிவாக் கிடக்காது. கால் தடக்குமெண்டு இதை மாத்திக் கட்டினனான்."

வீட்டுக்கு வரமுன் ஒவ்வொருமுறையும் அதைக் கழற்றிவிட்டு என் வயரை மாட்டியிருக்கிறார்! நான் பல்லால் ரேப்பைக் கடித்துக் கிழித்தேன். இரண்டு வயரையும் பிரித்து ஒன்றை இடதுபக்கமும் மற்றதை வலதுபக்கமும் இழுத்துப் போட்டேன். கத்தல் நின்றது. கடற்கரையில் மீன் விற்பவர்களின் சத்தம் கேட்கும் அளவுக்கு மேடை அமைதியானது.

அப்போது என் கணவர் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களே மாஸ்டர், நான் அப்பவே நினைச்சனான், வயரிலைதான் பிழையெண்டு."

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்டைக்கு மைக்கிலை என்னைப் பற்றிச் சொன்னீங்கள்தானே. இண்டைக்கும் மைக்கிலை சொல்லுங்கோ, இந்தப் பெட்டி ஆர் செய்தது, பிழை ஆர் விட்டதெண்டு."

"சனம் வரட்டும், பிறகு பாப்பம்" என்று சிரித்தார்.

நான் வயர்களைப் பிடுங்கினேன். ரின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, பெரியதெருவில் மினிபஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று அவர்கள் வெறும் கிற்றாரோடு வாசித்தார்கள்.

அதன்பிறகு வீட்டில் சமைத்தேன், பரிமாறினேன், கதைக்கவில்லை. கடைசியில் மாஸ்டர்தான் சைக்கிளில் வந்தார். என் கணவரைத் தாண்டி நேரே குசினி வாசலுக்கு வந்து, "பிள்ளை, பெட்டி வேணும். நீங்களும் வரோணும்" என்றார். வயர்களை என்னைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது என்றேன். ஓமென்றார்.

போனேன். பெட்டி அன்று ஒரு குறையுமில்லாமல் ஒலித்தது. நடுவில் மாஸ்டர் மைக்கை எடுத்து, "இந்தக் கருவியைச் செய்வதில் எங்கள் கிற்றார் கலைஞருக்கு அவருடைய துணைவியாரும் உதவி செய்திருக்கிறார்" என்று அறிவித்தார். சனம் கைதட்டியது. என் கணவர், எனக்குத் தங்கச் சங்கிலி வாங்கித் தந்தவர்போல என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது மானிப்பாய் தாண்டியதும் கேட்டேன். "உதவியோ?"

"வேறை என்னெண்டு சொல்லுறது? அந்தாள் நல்லாத்தானே சொன்னது."

கரியரிலிருந்து குதித்து நடந்தேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். கொஞ்சத் தூரம் போனபிறகு, "சரி, அடுத்தமுறை நானே சொல்லுறன்" என்றார்.

"என்னெண்டு?"

"மனிசி செய்ததெண்டு." இன்னும் கொஞ்சம் நடந்தார். "ஆனா கால் வைக்கிற பலகையை நான்தானே அரிஞ்சனான்?"

அது உண்மைதான். "அப்ப பலகையையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றேன். சைக்கிளில் ஏறவில்லை.