பீங்கான் பொம்மைக்கு வார்னிஷ் அடித்த அத்தான்

போன வியாழக்கிழமை என் அக்கா வீட்டுக்காரர் மடியில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். துணைக்கு நான். ஐம்பத்தெட்டு வயது மனிதர், சிவகாசியில் லேபிள் பிரஸ், ஆனைக்குட்டத்தில் நிலம் நீச்சு... மடியில் பொம்மை! டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கொழும்பில் கடை வைத்திருந்த அத்தானின் பெரியப்பா எந்தக் காலத்திலோ கொண்டுவந்த பொம்மை அது. பீங்கான் தலை, பீங்கான் கை. படுக்க வைத்தால் மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கண்கள். இரண்டு விரல்கள் உடைந்துவிட்டன. உடைந்த பொம்மை வீட்டில் இருந்தால் ஆகாதாம். மூன்று வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, வீடு துடைக்க வந்த பேச்சியம்மாளிடம் அத்தானே அதை எடுத்துக் கொடுத்தார்.

“கொண்டு போ பேச்சி, உம் மக வெளையாடட்டும்.”

நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் காதால் கேட்டேன்.

பேச்சி விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று வீடுகளில் கூட்டித் துடைப்பாள். அவள் மகள் முத்துச்செல்விக்கு இப்போது பத்து வயது. அந்தப் பொம்மை இல்லாமல் அது தூங்காது.

போன மாதம் அத்தானின் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பழைய ஜெர்மன் பீங்கான் பொம்மை லட்சக்கணக்கில் விலை போகிறதாம். அவ்வளவுதான்! மனிதருக்குப் பெரியப்பா மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. “எங்க குடும்பச் சொத்து” என்று கண்கலங்காத குறை. இந்த ‘குடும்பச் சொத்து’ மூன்று வருஷமாக எங்கே இருந்தது, உயிரோடு இருக்கிறதா என்றாவது கேட்டிருப்பாரா?

அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் போனார். வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பேச்சியின் தெருவில், குழாயடியில் பத்துப் பெண்கள் நிற்கும்போது, காரை விட்டு இறங்காமலே கேட்டார்.

“ஏ பேச்சி, எங்க வீட்டுப் பொம்மை இங்கன வந்திருக்காமே?”

“நீங்கதானே மொதலாளி புள்ளைக்குக் குடுத்தீக?”

“நான் எப்பக் குடுத்தேன்? தெரியாம எடுத்துட்டு வந்திருப்ப. சரி போகட்டும், கொண்டா.”

குழாயடியில் பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சி என்னைப் பார்த்தாள். நான்... சீட்டில் உட்கார்ந்தபடி என் கைப்பைக்குள் எதையோ தேடினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். பேச்சி உள்ளே போய்ப் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பின்னாலேயே அந்தப் பிள்ளையின் அழுகைச் சத்தம் கார் வரைக்கும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இன்னொரு வீட்டில் பேச்சியை “இனிமே வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி கேட்டில் இவளை மட்டும் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்களாம்.

சரி, குடும்பச் சொத்தை அத்தான் என்ன செய்தார்? கேளுங்கள் இந்தக் கூத்தை.

பொம்மையின் முகம் பளபளப்பு இல்லாமல், மனிதத் தோல் மாதிரி மங்கலாக இருந்தது. பிரஸ்காரர் கண்ணுக்கு அது பொறுக்குமா? அவர் ஊரில் மங்கல் என்றால் மட்டம், பளபளப்பு என்றால் உயர்வு. லேபிளுக்கு அடிக்கும் வார்னிஷை எடுத்து மூஞ்சி முழுக்க அடித்துவிட்டார். உதட்டுக்கு மிஷினில் ஓடும் சிவப்பு மையையே பூசினார்.

அதோடு விட்டாரா? பின்கழுத்தில் ஏதோ நம்பரும் இரண்டு எழுத்தும் பதிந்திருந்தன. அவர் பிரஸ்ஸில் ரிஜெக்ட் ஆன ஷீட்டுக்குத்தான் பின்பக்கம் நம்பர் கிறுக்கி ஓரமாக வைப்பார்கள். “பின்னாடி நம்பர் இருந்தா ரிஜெக்ட் மாலுன்னு நெனச்சு வெலைய அடிச்சுருவான்” என்று, உப்புத்தாளை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து வழித்துவிட்டார்!

மதுரையில் பழம்பொருள் கடைக்காரர் பொம்மையை வாங்கியதும் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, முடியை ஒதுக்கி, பின்கழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இங்க ஒரு முத்திரை இருந்திருக்கணுமே... யார் சார் தேய்ச்சது?”

அத்தான் பெருமையாக, “நான்தான்” என்றார்.

“எந்தக் கம்பெனி, எந்த அச்சுன்னு சொல்றதே அதுதான் சார். மெருகு போடாத பீங்கான் இது, முகம் மங்கலாத்தான் இருக்கும். வார்னிஷைக்கூட எப்படியாவது எடுத்துரலாம். எழுத்தை நான் எங்க போய்க் கொண்டு வர்றது? இனிமே இது என்னன்னே சொல்ல முடியாது. எனக்கு வேண்டாம்.”

அந்த முத்திரையைப் பற்றி வீடியோவிலேயே விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது காரில் போட்டுப் பார்த்தேன். அத்தான் விலை வந்ததும் நிறுத்திவிட்டாராம். பிறகு எதற்குப் பார்க்க வேண்டும், இல்லையா?

விருதுநகர் தாண்டியதும் அவருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. “சனியன், அந்தப் புள்ளையே வச்சுக்கிடட்டும். விஸ்வநத்தத்துக்கு விடுப்பா.”

அதே தெரு. அதே குழாயடி. பேச்சி கம்பெனி வேலை முடிந்து வந்திருந்தாள். இந்த முறை நான் முதலில் இறங்கினேன். அத்தானும் வேறு வழியில்லாமல் இறங்கினார்.

“இந்தா பேச்சி. உம் மகளுக்கே இருக்கட்டும்.”

பேச்சி கையை நீட்டவில்லை.

“எழுதிக் குடுங்க மொதலாளி.”

“என்னத்த எழுத?”

“மூணு வருசத்துக்கு முன்னாடி நீங்களா உங்க கையால குடுத்தீக, நானா எடுத்துட்டு வரலன்னு.”

“ஏம்மா, ஒரு ஓட்டைப் பொம்மைக்கா இம்புட்டு?”

“பொம்மைக்கு இல்ல மொதலாளி. எனக்கு.”

அத்தான் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கைப்பைக்குள் தேட எனக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு நீட்டினேன். “நான் பார்த்தேன் அத்தான். நீங்கதான் குடுத்தீங்க. எழுதுங்க” என்றேன். கார் பானெட்டின் மேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சியாக என் கையெழுத்து.

பேச்சி அப்போதும் பொம்மையை வாங்கவில்லை. தாளை மகளிடம் கொடுத்து, “சத்தமா வாசி” என்றாள்.

முத்துச்செல்வி எழுத்துக்கூட்டி, குழாயடிக்கே கேட்கும்படி, ஒரு சொல் விடாமல் வாசித்து முடித்தாள். அதுவரைக்கும் அத்தான் சாயங்கால வெயிலில் பொம்மையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

முப்பது வருஷப் பழக்கத்தில், ஒருவர் பேசி முடிக்கும் வரை அந்த மனிதர் காத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்!