விடவா, அண்ணி?

பேருந்து நிலையத்தின் நடுவே, நாலு படி உயரத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. அதற்குள் ஒரு மைக், ஒரு மேசை விசிறி, அவள். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது புறப்படுகிறது என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் வேலை. அவள் குரல் கொடுக்காமல் ஒரு சக்கரம் நகராது. “மூணாம் மேடை, விடு” என்று ஒலிபெருக்கியில் வரும்வரை ஓட்டுநர் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நரைத்த மீசைக்காரரையும் இப்படி ‘விடு’ என்கிறாளே என்று புதிதாக வருகிறவர்கள் முறைப்பார்கள். அவள் சொல்வது வண்டியிடம், ஓட்டுநரிடம் இல்லை என்று பழைய ஆட்கள் சமாதானம் சொல்வார்கள். எல்லோருக்கும் அவள் மைக் அக்கா.

சாயங்காலம் கூண்டைப் பூட்டிவிட்டு, பணிமனைக்குப் பின்னால் இருக்கும் கூடைப்பந்து மைதானத்துக்குப் போவாள். தரையெல்லாம் டீசல் கறை, ஒரு வளையத்துக்கு வலையே கிடையாது. பணிமனைப் பெண்கள் அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். “பாஸ் குடு, உள்ள போ, கையைத் தூக்கு, பின்னால பாரு” என்று ஓரக்கோட்டில் நின்று ஓயாமல் கத்துவாள். நல்ல பயிற்சி என்றால் இதுதான் என்று மனதார நம்பியிருந்தாள், பாவம்.

பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள் அவளுடைய நாத்தனார். பயணச்சீட்டு கவுன்ட்டரில் வேலை. அம்மா இல்லாத பெண். அண்ணி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அண்ணி சொன்ன சட்டை, அண்ணி சொன்ன பள்ளி, அண்ணி சொன்ன வேலை. அவள் பேச்சில் பாதி ‘வா’வில்தான் முடியும். “குடை எடுத்துக்கவா அண்ணி? இப்பவே குளிக்கவா? விளக்கை அணைக்கவா?” மைதானத்திலும் அதே கதைதான். பந்து கைக்கு வந்ததும் கண் ஓரக்கோட்டுக்கு ஓடும். போகவா? விடவா? கூட ஆடுகிறவர்கள் அவளுக்கு ‘விடவா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

போன லீக் ஆட்டத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு புள்ளி முன்னிலை, ஆட்டம் முடியச் சில நொடிகள். விடவா எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துவிட்டாள். இனி பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாலே வெற்றி. அவள் பழக்கப்படி திரும்பிப் பார்த்தாள். மைக் அக்கா அடித்தொண்டையில் “விடு! விடு!” என்று கத்தினாள். ‘ஓட வேண்டாம், சும்மா விட்டுடு’ என்று அர்த்தம். நாத்தனார் காதில் அது ‘பந்தை விடு’ என்று விழுந்தது. நடுக்கோட்டிலிருந்தே கூடையை நோக்கி விட்டாள். பந்து பலகையில்கூடப் படவில்லை. எதிரணி அதை எடுத்து, ஓடி, கூடையில் போட்டு, தோளில் பையையும் மாட்டிக்கொண்டு போய்விட்டது.

“நீங்கதானே அண்ணி விடுன்னு சொன்னீங்க?” என்றாள் நாத்தனார். அதில் குற்றச்சாட்டே இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். அதுதான் மைக் அக்காவைக் கொன்றது.

அன்றைக்குப் பார்த்துப் பெரிய அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர் அம்மாவும் வந்திருந்தார். போகும்போது அக்காவைத் தனியாக அழைத்தார். “பொண்ணு நல்லா ஆடுறா. ஆனா காது மட்டும்தான் ஆடுது, கண்ணு ஆடல. அடுத்த ஆட்டத்துக்கு வர்றேன். அப்பவும் உங்களைப் பார்த்துட்டுதான் ஆடுவான்னா, என்னை மன்னிச்சுடுங்க. இந்த வருஷம் விட்டா அவளுக்கு வயசும் தாண்டிடும்.”

அன்றிலிருந்து அக்காவுக்கு வேலையே ஓடவில்லை. இரண்டாம் மேடை வண்டியை நாலாம் மேடைக்கு அனுப்பினாள். பயணிகள் மூட்டையும் குழந்தையுமாய் அங்கும் இங்கும் ஓடினார்கள். பெண்ணுக்குத் திறமை இல்லாமல் போயிருந்தால் மனசு ஆறிவிடும். திறமை இருந்தும் தன் வாயால் கெட்டது என்றால் யாரிடம் போய் அழுவது? கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டபடியே, “நீ கொஞ்சம் பேசாம இரேன்” என்றான். இதைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த சந்தர்ப்பத்தைப் பாருங்கள்.

பேசாமல் இருப்பது என்ன லேசான காரியமா? முதல் நாள் பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மறுநாள் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். ஆட்டம் தொடங்கும்போது ஒரு வாய் நிறையத் தண்ணீர். பந்து நின்ற பிறகுதான் விழுங்குவாள். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நின்ற பயிற்சியாளரைப் பார்த்து அணியே விழுந்து விழுந்து சிரித்தது. விடவா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் அம்மா கையை விட்ட குழந்தை மாதிரி முழித்தாள்.

புதுப் பயிற்சி இதுதான்: மூன்று பேர் பந்தோடு தாக்க, இரண்டு பேர் தடுக்க வேண்டும். யார் எங்கே ஓடுவது என்று அக்கா சொல்ல மாட்டாள். பந்து நின்றதும் தண்ணீரை விழுங்கிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: “என்ன பார்த்த?”

“நான்… பாஸ் குடுத்தேன்.”

“என்ன செஞ்சேன்னு கேக்கல. என்ன பார்த்த?”

விடவா தரையைப் பார்ப்பாள். அக்கா அவளைக் கூட்டிக்கொண்டுபோய்த் தடுக்கிறவளின் காலைக் காட்டுவாள். உதவிக்கு வருகிறவளின் பாதம் உன் பக்கம் திரும்பிவிட்டதா? அப்படியானால் அவள் விட்டுவிட்டு வந்தவள் தனியாக நிற்கிறாள், பந்து அங்கே போக வேண்டும். பாதம் இன்னும் அங்கேயே பார்க்கிறதா? உனக்கு வழி திறந்திருக்கிறது. தடுக்கும்போது உன் ஆளும் பந்தும் ஒரே பார்வையில் இருக்க வேண்டும். வளையத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டவள்தான் பெரிய ஆபத்து. அவளைத் தடுக்க யாரும் இல்லையென்றால் உன் ஆளைப் போட்டுவிட்டு ஓடு.

பார்த்துவிட்டு எறிந்த பந்து கூடையில் விழாவிட்டாலும் கைதட்டினாள். பார்க்காமல் எறிந்தது விழுந்தாலும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாள். நெட்டையான கண்டக்டர் பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். “விழுந்தா தண்டனை, விழலைன்னா பாராட்டு. இது எந்த ஊர் நியாயம் அக்கா?”

வீட்டிலும் அக்கா வாயைக் கட்டினாள். “குடை எடுத்துக்கவா அண்ணி?” என்றால் சன்னலைக் காட்டினாள். நாத்தனார் வானத்தைப் பார்த்துவிட்டு, குடையை எடுக்காமல் போய், தொப்பலாக நனைந்து வந்தாள். தலையைத் துவட்டிவிட்டபோது அக்காவுக்குக் கண் கலங்கியது. சொல்லியிருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆட்ட நாள் வந்தது. தேர்வாளர் அம்மா எதிர்ப்பக்கம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா பாட்டிலைத் திறந்தாள். முதல் பாதியில் விடவா பலமுறை ஓரக்கோட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அங்கே தெரிந்ததெல்லாம் உப்பிய கன்னம்தான். பிறகு பார்ப்பது குறைந்தது.

இரண்டாம் பாதியில் எதிரணிக்காரி ஒருத்தி கண்டக்டரைத் தாண்டி வளையத்தை நோக்கிப் பாய்ந்தாள். விடவாவின் ஆள் மூலையில் நின்றாள், குறி தப்பாமல் எறிகிறவள். அவளை விடாதே, விடாதே என்று அக்காவின் உள்ளம் கூவியது. விடவா விட்டாள். பாய்ந்து போய் வழியில் நின்றாள். வந்தவள் தடுமாறி, பந்தைக் கோட்டுக்கு வெளியே தவறவிட்டாள். அக்கா தண்ணீரை விழுங்கினாள். தான் கத்தியிருந்தால் இரண்டு புள்ளி போயிருக்கும். இத்தனை வருடமும் இப்படி எத்தனை முறை கத்தினோமோ என்று நினைத்தபடியே அடுத்த வாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு புள்ளி பின்தங்கல். பந்து விடவாவிடம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் ஓட ஆரம்பித்தபோது, அக்காவையும் மீறி அந்தப் பாழாய்ப்போன வார்த்தை கிளம்பி வந்தது. வாய் நிறையத் தண்ணீர். புரை ஏறிவிட்டது. தண்ணீர் மூக்கு வழியாகக்கூட வந்தது. துண்டில் முகத்தைப் புதைத்து இருமிக்கொண்டிருந்தபோதே விசில் ஊதிவிட்டார்கள். நிமிர்ந்தால் எதிரணி துள்ளிக்கொண்டிருக்கிறது. கண்டக்டர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். போச்சு, எல்லாம் போச்சு.

நாத்தனார் வியர்வை சொட்ட வந்து நின்றாள். அக்கா கேட்டாள், இந்த முறை உண்மையிலேயே தெரியாமல்: “என்ன பார்த்த?”

“எனக்கு எதிர்ல ரெண்டு பேர் வந்துட்டாங்க அண்ணி. ரெண்டாவது வந்தவ காலு முழுசா என் பக்கம் திரும்பிடுச்சு. கண்டக்டர் வளையத்துக்கு அடியில தனியா நின்னா. குடுத்தேன். பந்து வளையத்தைச் சுத்திட்டு வெளிய வந்துடுச்சு.” கொஞ்சம் யோசித்தாள். “மறுபடி ஆடினாலும் அவளுக்குத்தான் குடுப்பேன்.”

பின்னால் தேர்வாளர் அம்மா நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். “திங்கட்கிழமை முகாம். எட்டு மாசம் அங்கேயே தங்கணும்,” என்றார். “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றியா?”

எட்டு மாதமா? அவ்வளவு தூரத்தில் இவளை யார் எழுப்புவார்கள், மழையில் நனைந்தால் யார் துவட்டுவார்கள் என்று அக்காவின் மனம் எங்கெங்கோ ஓடியது. யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாத்தனார் அண்ணி பக்கம் திரும்பவேயில்லை.

“கேக்க வேண்டாம்மா. வர்றேன்.”

ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அக்காவுக்கு மகிழ்ச்சிதான், யார் இல்லையென்றது? அன்று வீடு திரும்பும்வரை அந்த மகிழ்ச்சியைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமை ஆறாம் மேடையில் வண்டி நின்றது. நாத்தனார் பெட்டியோடு கூண்டின் படியேறி வந்தாள். போய்ட்டு வரட்டுமா என்று கேட்பாள், அதையாவது கேட்பாள் என்று அக்கா காத்திருந்தாள். “போய்ட்டு வர்றேன் அண்ணி,” என்றாள் நாத்தனார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டியின் பக்கவாட்டில் குடை செருகியிருந்தது. அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.

வண்டி நிரம்பியது. கதவு சாத்தியாயிற்று. இன்ஜின் உறுமியது. ஓட்டுநர் சன்னல் வழியாக எட்டிக் கூண்டைப் பார்த்தார்.

“விடவா அக்கா?”

அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். வாயில் தண்ணீர் இல்லை. இருந்தும் குரல் வர நேரமாயிற்று. மேடைகளில் நின்ற சனம் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

“ஆறாம் மேடை,” என்றாள் மைக் அக்கா. “விடு.”