வெள்ளிக்கிழமையே எழுதிவைத்த வரி

தடயவியல் மருத்துவ அலுவலகத்தின் தட்டச்சு மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து வெத்தூரியா ஹின்கு சம்பாதித்தது இடுப்புவலியும் எரிச்சலும்தான். பிணமாக வந்தாலும் உயிரோடு வந்தாலும், உடம்பிலுள்ள காயத்தை அளந்து வகை பிரித்து கோர்ட்டுக்குச் சான்றிதழ் கொடுப்பது அங்கே வேலை. டாக்டர் எஃப்திமியே சொல்வார், அவள் தட்டுவாள். கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதி டாக்டர் படிப்பு வந்துவிட்டது. கத்தி பட்ட இடத்தில் விளிம்பு நூல் பிடித்தாற்போல இருக்கும். கட்டை பட்ட இடத்தில் தோல் கிழியும். பிளவுக்குள் சதை இழை இழையாகக் குறுக்கே ஓடும். விழுந்தவனுக்கு முழங்கையும் முட்டியும் தேய்ந்திருக்கும். ரத்தக்கட்டு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறையும். தங்கை வீட்டு விருந்தில் மைத்துனரின் கன்னத்தைப் பார்த்து, "இது நாலு நாள் பழசு, கதவுல இடிச்சதில்ல" என்று சொல்லப்போய், அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து அழைப்பே வரவில்லை.

இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோஜனம்? அவசரப் பிரிவிலிருக்கும் பொடி டாக்டர்களுக்கு எல்லாமே வெட்டுக்காயம். மண்வெட்டிக் காம்பால் மண்டை பிளந்து வந்தவனையும் ‘வெட்டு’ என்று எழுதி, ஓரத்தைச் சீவித் தைத்து அனுப்பிவிடுவார்கள். தையலுக்கு அடியில் என்ன இருந்தது என்று இங்கே உட்கார்ந்து ஜோசியமா பார்ப்பது? போலீஸ்காரர்கள் இன்னும் மோசம். அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும்.

திங்கட்கிழமை என்றாலே கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களில் பிளம் சாராயம் ஓடும். மறுநாள் காலை தாழ்வாரத்தில் நாற்பது பேர், வீங்கிய உதடும் கட்டுப்போட்ட கையுமாக நிற்பார்கள். அதைச் சமாளிக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானமே முப்பது தாள்களில் தலைப்பையும் கடைசி வரியையும் தட்டி அடுக்கிவிடுவாள். திங்களன்று நடுவில் காயத்தை நிரப்பினால் போதும். கடைசி வரி என்றும் மாறாது: ‘கடினமான பொருளால் தாக்கப்பட்டோ, கடினமான தளத்தில் விழுந்தோ ஏற்பட்டிருக்கலாம்.’ டாக்டர் விவரமான மனுஷன். இரண்டையும் சொல்லிவிட்டால் எந்த வக்கீலும் அவரைக் கூண்டில் ஏற்றிக் குடைய முடியாது. அந்த வேலைக்குப் புது ரிப்பன் எதற்கு என்று, வெள்ளிக்கிழமை மட்டும் மிஷினில் பழைய ரிப்பனை மாட்டுவாள். அந்தச் சிக்கனத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட.

புனித துமித்ரு பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை சாவேத்தா வந்தாள். நூல் ஆலைக்காரி, முப்பது வயது. இது நாலாவது தடவை.

"மறுபடியுமாடி?" என்றாள் வெத்தூரியா.

சாவேத்தா ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். டாக்டர் ஜன்னலோரம் காபியும் கையுமாக இருந்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இடது மேற்கையில் நீல நிற ரத்தக்கட்டுகள், எழுதிக்கோங்க" என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்." சாவேத்தா பையிலிருந்து பழைய சான்றிதழ்கள் மூன்றையும் எடுத்து மிஷின் பக்கத்தில் வைத்தாள். "அக்கா, போன வியாழக்கிழமை கோர்ட்டுல என் விவாகரத்து கேசு. என் புருஷன் பந்தேலியோட வக்கீல் இது மூணையும் ஜட்ஜு முன்னால விரிச்சுட்டான். குடிச்சுட்டு விழுற பொம்பள, டாக்டரே மூணு தடவ எழுதிக் குடுத்திருக்காருங்கறான். என் பொண்ணு இலின்காவ அப்பன்கிட்ட குடுக்கணுமாம். ஆறு வயசுக் குழந்தை, அக்கா."

"கேக்கிறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான் அவன்!" வெத்தூரியாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "டாக்டர் ரெண்டையும்தானே எழுதியிருக்காரு?"

"ரெண்டையும் எழுதினா ஒண்ணையும் எழுதலன்னுதானக்கா அர்த்தம்? நான் விழுந்தேன்னு இங்க வந்து ஒரு தடவையாச்சும் சொன்னேனா? அப்புறம் யாரு என்னை விழ வச்சது?"

வக்கீலைத் திட்ட வாயெடுத்த வெத்தூரியாவின் கண் தாள்களில் விழுந்தது. மூன்றிலும் நடுப்பகுதி கறுப்பாக இருந்தது. கடைசி வரி மட்டும் மங்கல். பழைய ரிப்பன். பந்தேலி ஞாயிற்றுக்கிழமை கையை ஓங்குவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை மத்தியானமே, இவளை விழ வைத்தாயிற்று. இத்தனை வருடம் பொடி டாக்டர்களையும் போலீஸையும் கரித்துக் கொட்டியது ஞாபகம் வந்து அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மிஷினிலிருந்த தாளை உருவிப் போட்டுவிட்டு வெற்றுத்தாளைச் சொருகினாள்.

"என்னம்மா பண்றீங்க? வெளியில கூட்டம் நிக்குது" என்றார் டாக்டர்.

"கடைசி வரி சொல்லுங்க டாக்டர்."

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாது. சொல்லுங்க."

"காலங்காத்தால என்னை வம்புல மாட்டிவிடாதீங்க, வெத்தூரியாம்மா."

"விழுந்திருந்தா முழங்கை தேஞ்சிருக்கணும். தேயல. கையோட உள்பக்கம் வட்ட வட்டமா நாலு, எதிர்ப்பக்கம் ஒண்ணு. ஏன் டாக்டர், தரைக்கு விரல் முளைச்சிருக்கா?"

"நீங்க டைப்பிஸ்டா, டாக்டரா?"

"டைப்பிஸ்டுதான். அதான் நீங்க சொல்லாம தட்ட மாட்டேங்கறேன்."

தாழ்வாரத்திலிருந்து யாரோ கதவைத் தட்டி, "உள்ள என்ன விருந்தா நடக்குது?" என்று கத்தினார்கள். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே கோப்பையை வைத்தார், கண்ணாடியை மாட்டினார், அளவுகோலோடு கிட்டத்தில் வந்தார். சாவேத்தாவின் கையைத் தொடாமல், தன் விரல்களை அந்த நீலங்களுக்கு நேராக விரித்துப் பிடித்தார். நாலு விரலும் கட்டைவிரலும் அதனதன் இடத்தில் நின்றன.

"எழுதுங்க" என்றார். "‘விரல்களால் இறுகப் பிடித்ததால் உண்டானவை. விழுந்ததால் உண்டாகக்கூடியவை அல்ல.’"

அந்த வரி பளிச்சென்று கறுப்பாக விழுந்தது. டாக்டர் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் வாசித்துப் போட்டதை வெத்தூரியா அன்றுதான் பார்த்தாள்.

சாவேத்தா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு பழைய மூன்றையும் நீட்டினாள். "இதையும் இதே மாதிரி மாத்திக் குடுங்கக்கா."

"முடியாதும்மா. நம்பர் போட்டுப் பதிவாயிடுச்சு. அந்தக் காயமும் இப்ப உன் உடம்புல இல்ல" என்றாள் வெத்தூரியா.

சாவேத்தா நான்கு தாள்களையும் ஒன்றாக அடுக்கினாள். "அப்ப நாலு தடவையில ஒரு தடவதான் நான் விழல" என்றாள்.

வெத்தூரியாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசை ஓரத்தில் அடுக்கியிருந்த மிச்சம் இருபத்தொன்பது தாள்களையும் எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தாள்.