பால்ச்சாமியும் முதலாளியின் நீல வண்டியும்

பால்ச்சாமி போய்விட்டான்.

இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்... ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவன் வீட்டு வாசலில் அந்த நீலக் கார் நின்றுகொண்டுதான் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆள் அவன் ஒருத்தன்தான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அவனும் ஒரே பட்டாசுக் கம்பெனி. நான் லோடுமேன், அவன் முதலாளிக்கு டிரைவர்.

அந்த நீலக் கார் அப்போது முதலாளியுடையது, ஜெர்மன் கார். டர்போ வைத்தது. பார்த்தால் மற்ற கார் மாதிரிதான் இருக்கும்... மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மதுரை ரோட்டில் அதை முந்த ஆள் கிடையாது.

அவன் பெண்டாட்டி மாரியம்மாளும் அதே கம்பெனிதான். அவள் இருந்த ரூம் வெடித்த அன்று, பால்ச்சாமி சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வண்டியோடு நின்றான். முதலாளி உள்ளே மீட்டிங்கில்.

போன் வந்தது. உள்ளே போய்ச் சொல்லப் பயம். சொல்லாமல் வண்டியை எடுக்கவும் பயம்... முதலாளி வெளியே வருகிறவரை சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இங்கே மாரியம்மாளை லோடு வேனில் படுக்கவைத்து மதுரைக்குக் கிளம்பினோம். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்குகிற வேன். அவள் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். திருமங்கலம் தாண்டவில்லை, போய்விட்டாள்.

விஷயம் தெரிந்து முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே கூறுகெட்டவனே, சாவி உன் கையிலதானலே இருந்துச்சு! எடுத்துட்டுப் போயிருந்தா நான் என்ன தூக்குலயா போட்டிருப்பேன்?"

 

முதலாளி காலமானபின் வண்டி குடோனுக்குப் பின்னால் கருவேல முள்ளுக்குள் கிடந்தது. வயரையெல்லாம் எலி தின்றுவிட்டது. ரப்பர் ஹோஸ்கள் விண்டுபோய், மழைத் தண்ணீர் இறங்கி சீட்டெல்லாம் பாசி. எடைக்குப் போட இருந்ததை இவன் கேட்டு வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தான்.

"பைத்தியமாலே உனக்கு?" என்றேன்.

"செல்வி நாரணாபுரத்துக்கு வேலைக்குப் போறாண்ணே. ஓடுற வண்டி ஒண்ணு வாசல்ல நிக்கட்டும்." செல்வி அவனுடைய ஒரே மகள்; அவளுக்கும் பட்டாசு வேலைதான்.

"அதுக்கு ஒரு வேன் வாங்குனா ஆகாதா?"

"வேன்ல போனதெல்லாம் போதும்ணே."



மதுரையில் பெரிய ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தொடவே மாட்டேன் என்றார்கள். விருதுநகர் மெக்கானிக் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். டர்போ கோயம்புத்தூர் பழைய சாமான் கடையிலிருந்து வந்தது... அதுவும் முதலில் வந்தது வேறு வண்டிக்கானது.

எல்லாம் மாட்டினான். இடது பக்க முன்சீட்டை மட்டும் மாட்டவில்லை. அடிபட்ட ஆள் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டுமாம்.

முதல்முதல் ஸ்டார்ட் பண்ணியது ஒரு வேலை நாள், உச்சி வெயில். செல்ஃப் அடித்தான்... அடித்தான்... சைலன்சர் வழியாக டமார் என்று ஒரு வெடி.

எங்கள் பக்கம் பகலில் சத்தம் கேட்டால், என்ன சத்தம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள்.

தெருவே வெளியே ஓடி வந்துவிட்டது. மாடியில் ஏறிப் புகை எந்தத் திக்கில் என்று பார்க்கிறார்கள். ஒருத்தி கையில் கரண்டியோடு நாரணாபுரம் ரோட்டில் பாதி தூரம் ஓடிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டு முத்தக்கா மண்ணை வாரித் தூற்றினாள். "வண்டியில ஏத்த ஆளு இல்லைன்னு நீயே வெடி வைக்கியாலே? என் ஈரக்குலையே அந்து போச்சு, பாவி!"

அவன் பானெட்டில் கையை ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து முத்தக்காதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

போன கோடையில் நிஜமாகவே சத்தம் கேட்டது. நாரணாபுரம் பக்கம் புகை.

"அண்ணே, வாரீகளா?" என்றான். பின்சீட்டில் ஏறினேன். ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு ஓட்டம் என் ஆயுசில் பார்த்ததில்லை... எல்லாருக்கும் முன்னால் போய் நின்றோம்.

"வண்டி இருக்கு, ஆளைக் குடுங்க... கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள மதுரையில இருப்பேன்" என்று கேட்டில் நின்று கத்தினான்.

வாட்ச்மேன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற நெலமையில யாரும் இல்லைய்யா."

செல்வி ரோட்டோரத்தில் நின்றாள். காலில் செருப்பு இல்லை. அவள் ரூம் தள்ளி இருந்ததால் தப்பித்தாள்.

"ஏறு தாயி" என்றான்.

"எனக்கு என்னப்பா, நான் நல்லாத்தான இருக்கேன்? எங்கூட வேலை பாக்குற சாந்தியக்கா உள்ள கெடக்காப்பா..." அவள் ஏறவில்லை.

திரும்பி வரும்போது ஒரு சைக்கிள்காரன் எங்களை முந்திக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகும் தினம் காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் உறுமவிட்டு நிறுத்துவான். எங்கேயும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

செல்வியை வேலையை விடச் சொல்லி நானும் சொல்லிப் பார்த்தேன். "விட்டுட்டு எங்க போக, பெரியப்பா?" என்றாள். 

இன்றைக்கும் அவள் வேலைக்குத்தான் போயிருந்தாள். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சேதி போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

கம்பெனி வேனில் வந்து இறங்கினாள். கையெல்லாம் அலுமினியத் தூள். கழுவக்கூட இல்லை... அப்படியே அப்பன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். நெற்றி, கன்னம், மீசை எல்லாம் வெள்ளியாக மின்னியது.

சாயங்காலம் குளிப்பாட்டினோம். அந்த வெள்ளி முழுசாகப் போகவில்லை. அப்படியே எடுத்தோம்.

போ, பால்ச்சாமி... போ.