இடது தோளில் அரை அங்குலம்

படக்கதைப் புத்தகத்தில் பறக்கிறவனின் உடையில் ஒரு தையல்கூடத் தெரியாது. எங்கே பட்டன், எங்கே ஜிப், அவசரமென்றால் எப்படிக் கழற்றுவான் என்று வரைந்தவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. மை காய்ந்ததும் அவர் வேலை முடிந்தது. அந்தக் கதை சினிமாவாகும்போதுதான் அந்த உடையை வெட்டித் தைக்கிற கட்டிங் அக்காவின் தலைவலி ஆரம்பிக்கும். நிஜ மனிதனுக்கு அக்குள் வியர்க்கும், சாப்பிட்டால் வயிறு உப்பும், குனிந்தால் துணி சுருங்கும். எதுவுமே திரையில் தெரியக் கூடாது என்பார்கள். தெரியாமல் செய்து கொடுப்பாள். இருபத்தாறு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு.

ஒரு நாயகனுக்கு ஏழு உடை. முகம் காட்டி நிற்க ஒன்று, ஓட ஒன்று, தண்ணீரில் விழ ஒன்று, கம்பிக் கயிற்றில் தொங்க ஒன்று, இப்படி. உலகத்தையே காப்பாற்றுகிறவனின் நெஞ்சும் புஜமும் பஞ்சும் ரப்பருமாக அவள் அலமாரியில் ஜோடி ஜோடியாக அடுக்கிக் கிடக்கும். மழைக்காலத்தில் அவற்றில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

அறையின் மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு அளவு பொம்மை நிற்கிறது. தலை இல்லை, கை இல்லை. இடது தோள் மட்டும் அரை அங்குலம் இறங்கியிருக்கும். சின்ன வயதில் மதிலேறிக் குதித்துத் தோள்பட்டையை உடைத்துக்கொண்ட அவளுடைய தம்பியின் உடம்பு அது. நாயகனுக்கு டூப் போட்டவன் அவன். அவனை இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்தவளே அவள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கயிற்றிலிருந்து விழுந்து செத்துப்போனான். பொம்மையைப் பிரித்துப் பஞ்சை எடுத்துக்கொள்ளலாம் என்று தையல்காரர்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். அவள் வள்ளென்று விழுந்ததில் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

கயிற்றில் தொங்குகிறவன் உடைக்குள் உடம்பைச் சுற்றி ஒரு வார் கட்டியிருப்பான். முதுகில் உள்ள வெட்டு வழியாகக் கயிற்றின் கொக்கியை அந்த வாரில் மாட்டி, பூட்டைத் திருகி இறுக்க வேண்டும். வெட்டு தெரியாமலிருக்க மேலே ஒரு மூடி, அதற்கு ஒரு பிரஸ் பட்டன். முதல் படத்தின்போது, முதுகு புத்தகத்தில் இருப்பது போலவே வழுவழுவென்று இருக்க வேண்டுமென்றார் டிசைனர். அவளும் கயிறு நுழையும் அளவுக்கு மட்டும் துளை விட்டு, பார்த்தவர்கள் வாயடைத்துப்போகும்படி ஒரு மூடி செய்தாள். ஆனால் டூப்பைக் கயிற்றில் மாட்டிவிடுகிற கயிறு மாஸ்டர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, மூடிட்டா பூட்டு கண்ணுக்கே தெரியலையே. கொஞ்சம் பெரிசா வெட்டிக் குடேன்."

"உங்க கண்ணாடிய மாத்துங்கண்ணா. வெட்டினா அழகே போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். மறுநாள் பூட்டு பாதிதான் இறுகியிருந்தது. மூடி அதை மறைத்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. விசாரணையில் பழி கயிறு மாஸ்டர் தலையில் விழுந்தது. அவரும் தன் கைதான் தவறியிருக்கும் என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் முந்தின நாள் கேட்டதை யாரும் சொல்லவில்லை. அவளும் மென்று முழுங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து மதியம் மிஷின்கள் நின்றதும், மூலையிலிருந்து 'டிக்' என்று பட்டன் போடும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. பொம்மைக்கு உடையே கிடையாது, பட்டன் எங்கிருந்து வரும்? இஸ்திரிப் பெட்டி ஆறுகிற சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியே ரிப்பேருக்குப் போயிருந்தது. அன்றும் கேட்டது.

இப்போது இரண்டாம் படம். அதே டிசைனர், அதே மூடி. புது டூப்பின் அளவு எழுதிய சீட்டைக் கண்ணெதிரே ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஏழு உடைகளையும் வெட்டி முடித்தாள். வியாழக்கிழமை கயிற்றுக் காட்சி. புதன்கிழமை அவன் வந்து, உள்ளே வாரைக் கட்டி, கயிற்று உடையைப் போட்டுப் பார்த்தான். பின்னால் நின்று, ஒரு கயிற்றுத் துண்டின் கொக்கியை வாரில் மாட்டி மூடியைப் போட்டாள். டிக்.

"அக்கா, இடது பக்கம் தோள் இறங்குதே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேப்பை வைத்தாள். சரியாக அரை அங்குலம். அடுத்த உடையை எடுத்தாள், அதிலும் அரை அங்குலம். ஏழிலும் அப்படியே. சீட்டைப் பார்த்தது கண், வெட்டியது கை. அந்தக் கை செத்தவனுக்குத் துணி வெட்டியிருக்கிறது.

எதிரே நிற்பது தம்பியின் முதுகு. அதே இறக்கம், அதே வழுவழுப்பு. அவள் மூடியைத் தேடினாள். விரலால் தடவினாள். இப்போது தானே போட்ட மூடியின் விளிம்பு அவளுக்கே அகப்படவில்லை.

"என்னக்கா ஆச்சு?" என்றான் அவன் திரும்பாமலே. தம்பியும் அப்படித்தான், திரும்பாமலே கேட்பான்.

"அசையாதப்பா." கத்தரியை எடுத்தாள். விரல் விட்டுத் தேடி விளிம்பைப் பிடித்து, மூடியை மொத்தமாக வெட்டி எறிந்தாள். துளையையும் உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துவிட்டாள். வாரும் கொக்கியும் பூட்டும் அசிங்கமாகப் பளபளத்தன.

டிசைனர் ஓடி வந்தார். "அக்கா! என்ன பண்ணிட்டீங்க? முதுகையே நாசம் பண்ணிட்டீங்களே! புத்தகத்துல எங்க இருக்கு இந்த ஓட்டை?"

"புத்தகத்துல விழுந்தா அடுத்த பக்கத்துல எழுந்திருப்பான் சார்." அவள் கத்தரியை மேசையில் வைத்தாள். "அன்னைக்கே மாஸ்டர் பெரிசா வெட்டச் சொன்னாரு. நான்தான் அழகு போயிடும்னு மாட்டேன்னுட்டேன். நீங்க எல்லாரும் பக்கத்துலதான் நின்னீங்க. இத யாருகிட்ட வேணும்னாலும் எழுதிக் குடுக்கறேன். ஆனா இனிமே மூடி தைக்கமாட்டேன்."

தையல்காரர்கள் குனிந்துகொண்டார்கள். டிசைனர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் அங்கேயே நின்றபடி, நாலு வருஷமாகக் கூப்பிடாத எண்ணைப் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எனக்கும் ஞாபகம் இருந்துச்சும்மா," என்றார் கயிறு மாஸ்டர். "தம்பியப் பறிகொடுத்தவகிட்டப் போய் என்னன்னு பேசுறது?"

அவள் அழுதாள்.

"சரி, அந்தப் பையன் இன்னும் அங்கதான் நிக்கிறானா?"

"நிக்கிறான்ணா."

"பூட்டு தெரியுதா?"

அவள் பின்னோக்கி நடந்து, மூலையில் பொம்மை முதுகில் இடிக்கும்வரை போனாள்.

"இங்கயிருந்தும் தெரியுதுண்ணா."

"அப்ப இறுகியிருக்கான்னு பார்த்துச் சொல்லு," என்றார் அவர். "நான் லைன்லயே இருக்கேன்."